சிற்பிக்கு நாளும் கொடுங்கள், பணமும் கொடுங்கள்: தேசிய அரங்குகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இத்தாலியில் நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியென்னாலேயில் தம் நாட்டு அரங்கை நடத்தும் ஆணையர்களுக்கும், அந்த அரங்குக்குச் சிற்பியைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

61-ஆவது பியென்னாலேயின் தொடக்க நாள் 2026 மே 9. அமெரிக்க அரங்குக்குச் சிற்பி ஆல்மா ஆலன் என்ற அறிவிப்பு வந்தது 2025 நவம்பர் கடைசியில். நடுவில் ஐந்தரை மாதம்தான். அதற்கு முன் வேறொரு சிற்பியோடு நடந்த பேச்சு ஒப்பந்தம் வரை போய் முறிந்திருந்தது. ஆஸ்திரேலியா 2025 பிப்ரவரியில் கலைஞர் காலித் சப்சாபியின் பெயரை அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் அவரை விலக்கியது. ஜூலையில் மறுபடி சேர்த்துக்கொண்டது. இரண்டும் கண்காட்சியின் முதன்மை இடமான ஜார்தீனி தோட்டத்தில் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் நாடுகள். அங்கேயே நிலைமை இது என்றால், கண்காட்சியின் இன்னொரு வளாகமான ஆர்செனாலேயிலோ ஊருக்குள் ஏதாவது ஒரு மாளிகையிலோ வாடகைக்கு இடம் பிடிக்கும் நாடுகளின் பாடு உங்களுக்கே தெரியும். பெயர் தாமதமாக வரும். பணம் அதைவிடத் தாமதமாக வரும். திறப்பு நாள் மட்டும் அசையாது.

இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் சிற்பி. கூடவே வார்ப்புப் பட்டறைக்காரர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், அரங்கில் தூக்கி நிறுத்துகிறவர்கள். இந்த வேலைகளில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். யார் எந்த நாட்டின் முகமாகப் போக வேண்டும் என்ற அரசியலுக்குள் நாங்கள் நுழையவில்லை. ஒரு சிற்பியை அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டால், அதற்கு எத்தனை நாள் பிடிக்கும், எங்கே பணம் போகும், எங்கே உடையும் என்பதைத்தான் சொல்கிறோம். ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் போடும் கால அட்டவணையை அப்படியே சிற்பத்துக்கும் போடுகிறீர்கள். அதை எங்களால் இனி ஏற்க முடியாது.

மூன்று மீட்டர் உயர வெண்கலச் சிற்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவில் களிமண் உரு செய்ய இரண்டு மாதம். அதன் மேல் ரப்பர் அச்சும் பிளாஸ்டர் கூடும் எடுக்க மூன்று வாரம். பிறகு 5, 6 மில்லிமீட்டர் கனத்தில் மெழுகு ஊற்றி, திருத்தி, உலோகம் ஓடுவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் மெழுகுக் குழாய்கள் பொருத்த வேண்டும். இந்த அளவுச் சிற்பத்தை ஒரே வார்ப்பில் எடுக்க முடியாது. பத்துப் பதினைந்து துண்டுகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டின் மேலும், மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றுவதற்கான பீங்கான் கூடு எட்டுப் பத்துப் பூச்சாக ஏறும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரம் தாங்காதது இந்தக் கட்டம்தான். உள்ளே ஈரம் தங்கிய கூட்டில் 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகம் விழுந்தால் ஈரம் நீராவியாகிக் கூட்டைப் பிளக்கும். துண்டு போகும், கையும் போகலாம்.

வார்த்ததோடு வேலை முடிவதில்லை. வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி சுருங்காது. மெல்லிய தகடு கோணிக்கொள்ளும். அதைத் தட்டி நேராக்கி, பற்றவைத்து, தையல் தெரியாமல் உளியால் செதுக்கி, கடைசியில் தீச்சுடரும் ரசாயனமும் கொண்டு நிறம் ஏற்ற வேண்டும். தடையில்லாமல் நடந்தால் தொடக்கம் முதல் முடிவு வரை எட்டு மாதம். ஒரு துண்டு பழுதானால் கூடுதலாக ஐந்தாறு வாரம். பெட்டி, கப்பல், சுங்கம், நிறுவல் எதுவும் இதில் சேரவில்லை.

ஐந்தரை மாதத்தில் என்ன செய்வார் சிற்பி? வேறு வழியில்லாமல் பட்டறையில் ஏற்கெனவே இருப்பதை அனுப்புவார். அதில் தவறில்லை, நல்ல படைப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அரங்குக்காக, அந்தக் கட்டடத்தின் வெளிச்சத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பச் சிந்தித்துச் செய்யும் வாய்ப்பை நீங்கள் அவரிடமிருந்து பறித்துவிட்டீர்கள். சிற்பி சிமோன் லீ அமெரிக்க அரங்குக்குத் தேர்வானது 2020 அக்டோபரில் தெரிந்தது. அரங்கு திறந்தது 2022 ஏப்ரலில். அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் வாசலில் 24 அடி வெண்கலமும் நின்றது, கட்டடமே கூரை வேய்ந்த வேறொரு கட்டடமாகவும் மாறியது.

வெண்கலம் இல்லையென்றால் வேறு பொருளில் செய்யட்டும் என்று ஒரு பதில் வழக்கமாக வரும். எந்தப் பொருளுக்கும் அதன் நாள் உண்டு. சுடுமண்ணைக் கனமாகச் செய்தால் உலர வாரக்கணக்கில் ஆகும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும். கான்கிரீட் முழு வலுப் பெற 28 நாள் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மரத்தை வெறும் காற்றில் உலர்த்தினால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய அளவுகோல். சரியாக உலராத மரத்தையோ, வறண்ட பகுதியில் உலர்ந்த மரத்தையோ கடல் காயல் நடுவில் இருக்கும் வெனிஸுக்குக் கொண்டுபோனால், அங்கே உள்ள ஈரப்பதத்தில் அது ஊதும், கோணும், பொருத்தில் பிளக்கும். பச்சை மண்ணில் செய்பவர்களுக்கு இன்னொரு தடை: கரிமப் பொருள் கலந்த மண்ணை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. இதை விதி தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், சிற்பி இத்தாலியிலேயே மண் தேடியிருப்பார், அல்லது சுட்டு எடுத்திருப்பார். மார்ச் மாதம் சொன்னால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்தது அளவு. ஹை கியூப் எனப்படும் உயரமான கண்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.58 மீட்டர். பெட்டியின் அடிச்சட்டத்துக்கு 12 சென்டிமீட்டர், அடிப்பலகை 2, கீழே நுரைத் தாங்கி 5, மேலே நுரை 5, மூடி 2, ஃபோர்க் லிஃப்ட் தூக்கி நுழைக்க ஒரு 5. இவ்வளவும் கழித்தால் சிற்பத்துக்கு மிஞ்சுவது 2.27 மீட்டர். சாதாரணக் கண்டெய்னர் என்றால் இன்னும் 30 சென்டிமீட்டர் குறையும். பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் பெட்டியோடு சேர்த்தே 160 சென்டிமீட்டர்தான். ஆகவே மூன்று மீட்டர் சிற்பம் என்றால் அது களிமண் நிலையிலேயே இரண்டாகப் பிரிய வேண்டும். எங்கே பிரியும், உள்ளே விளிம்புத் தகடு எங்கே வரும், போல்ட்டை முறுக்கக் கை எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் உருவோடு சேர்ந்து முடிவாக வேண்டியவை. செய்து முடித்த பிறகு இரண்டாக அறுத்தால் அந்த வெட்டு கண்ணில் படும். 2017-இல் சிங்கப்பூர் அரங்கில் ஸாய் குனிங் நிறுத்திய பிரம்புக் கப்பல் 17 மீட்டர் நீளம். பிரம்பும் நூலும் தேன்மெழுகும்தான் பொருள்; எடை ஒரு பிரச்சினை இல்லை. ஆனாலும் 40 அடிக் கண்டெய்னரின் உள்நீளம் 12 மீட்டர். இலேசான பொருளானாலும் அந்த நீளம் முழுதாக எதிலும் நுழையாது.

எடையைப் பற்றி உங்கள் வரவு செலவுத் திட்டங்களில் ஒரு வரிகூட நாங்கள் பார்த்ததில்லை. வெண்கலம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8.8 டன், கருங்கல்லும் பளிங்கும் 2.7 டன். பத்துச் சதுர மீட்டர் பரப்புள்ள வெண்கல உருவம், 6 மில்லிமீட்டர் கனம் என்றால் ஓடு மட்டும் 528 கிலோ. உள்சட்டத்தோடு முக்கால் டன்னைத் தொடும். இது சமாளிக்கக்கூடியது. கல்லுக்கு வாருங்கள். அடி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் கருங்கல் பாளம்: 4,050 கிலோ, எல்லாம் ஒரே சதுர மீட்டரில். கண்காட்சிக் கூடத் தரைக்குப் பல இடங்களில் அனுமதிக்கும் சுமை சதுர மீட்டருக்கு 500 கிலோ. எட்டு மடங்கு மீறல். சரி, மூன்றுக்கு மூன்று மீட்டர் இரும்புச் சட்டம் போட்டு எடையைப் பரப்பலாம் என்பார்கள். 4,050-ஐ ஒன்பதால் வகுத்தால் 450, சரியாக இருக்கிறதே என்று தோன்றும். சட்டமே 600 கிலோ வரும். அதைச் சேர்த்தால் 517. மறுபடி மீறல். சட்டத்தை 3.2 மீட்டராகப் பெரிதாக்க வேண்டும். அப்போதும் அது வளையாத அளவு விறைப்பாக இருந்தால்தான் எடை ஓரம் வரை பரவும். மெல்லிய சட்டம் என்றால் நடுவில் தொய்ந்து பழையபடி நடுத்தரையே மொத்தச் சுமையையும் வாங்கும். இந்தக் கணக்கை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அரை நாளில் போட்டுக் கையெழுத்திடுவார். அந்த அரை நாள் சிற்பி கல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் வர வேண்டும். தரையின் தாங்குதிறன் என்ன என்று கேட்டு, கல் துறைமுகத்தை அடைந்த பிறகு பதில் வாங்கிய அரங்குகள் உண்டு.

சுவரில் மாட்டலாம், உத்தரத்தில் தொங்கவிடலாம் என்பதும் எளிதல்ல. ஆர்செனாலே கப்பற்படைக் காலத்துக் கட்டடம், பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். அதன் செங்கல் தூணில் துளையிடக் கூடாது. தொங்கவேண்டியது எதுவானாலும் தரையில் தானே நிற்கும் சாரம் ஒன்று வேண்டும். சாரத்துக்குச் செலவு, சாரத்தின் எடைக்குத் தரைக் கணக்கு, சாரம் கண்ணை உறுத்தாமலிருக்க வடிவமைப்பு என்று அது தனி வேலையாக வளரும். இதோடு இத்தாலியின் தீப்பாதுகாப்புச் சான்று, மின் இணைப்புச் சான்று, பணியிடப் பாதுகாப்பு ஆவணங்கள். ரெசினோ துணியோ நாரோ பயன்படுத்தும் சிற்பி, பொருளை வாங்கும்போதே தீத்தடுப்புத் தரம் பார்த்து வாங்க வேண்டும். பிறகு தெளிக்கும் தீத்தடுப்பு மருந்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு வழி. வெனிஸின் பழைய நகருக்குள் லாரி ஓடாது. பெட்டிகள் கரையில் லாரியிலிருந்து இறங்கி, கிரேன் பொருத்திய சரக்குப் படகில் ஏறி, கால்வாய் வழியாக வர வேண்டும். நீர் ஏறியிருக்கும்போது பாலத்துக்கு அடியில் உயரமான பெட்டி நுழையாது. வற்றியிருக்கும்போது சிறு கால்வாயில் படகு தரை தட்டும். ஆகவே உயரப் பெட்டிக்கு ஒரு நாளில் சில மணி நேரமே கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் எல்லா நாடுகளும் அதே படகுகளையும் அதே கிரேன்களையும் அதே நிறுவல் குழுக்களையும் தேடி நிற்கும். முன்கூட்டிப் பதிவு செய்தவருக்குக் காலை நேரம் கிடைக்கும். கடைசியில் வருகிறவர் இரட்டிப்பு கொடுத்தும் காத்திருப்பார். கண்டம் தாண்டிக் கடல்வழி வருவதென்றால் துறைமுகத் தாமதமும் சுங்கமும் சேர்த்து ஆறு முதல் பத்து வாரம் வைக்க வேண்டும். 2023 கடைசியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது இரண்டு வாரம்வரை கூடுதலாகப் போனதை ஆசியாவிலிருந்து அனுப்பியவர்கள் மறக்கமாட்டார்கள். கடல்வழிக்கு நாள் இல்லாமல் விமானத்தில் ஏற்றும்போது, செய்கூலிக்கு வைத்த பணம் கட்டணத்தில் கரைகிறது.

சுங்கத்தில் ஏட்டா கார்னே என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு பெரிய உதவி. ஆனால் அதில் எழுதிய பட்டியலும் பெட்டிக்குள் இருப்பதும் எண்ணிக்கை பிசகாமல் பொருந்த வேண்டும். பட்டியலில் 14 துண்டு, பெட்டியில் 15 என்றால் சரக்கு நிற்கும். மெழுகு, பசை, வண்ணம் போன்று செலவாகித் தீரும் பொருள்கள் அதில் வரா. செல்லுபடியாகும் காலம் ஓராண்டு. மார்ச்சில் அனுப்பிய சிற்பம் நவம்பரில் கண்காட்சி முடிந்து, அங்கிருந்தே இன்னொரு ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்குப் போனால், சீட்டு நடுவழியில் காலாவதியாகும். யாராவது அதைக் கவனித்துப் புதுப்பிக்க வேண்டும். மரப்பெட்டிக்குச் சர்வதேச விதிப்படி மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத ஒரு சட்டத்துண்டுக்காக முழுப் பெட்டியும் தடைபடலாம். இவை எல்லாம் சிற்பியின் வேலையா? பல நாடுகளில் அவர் தலையில்தான் விழுகிறது.

திறப்பு விழாவோடு உங்கள் கவனம் முடிந்துவிடுகிறது என்பது எங்கள் கடுமையான மனக்குறை. கண்காட்சி ஆறரை மாதம் நடக்கும். 2024-இல் விற்ற டிக்கெட் சுமார் 7 லட்சம். அத்தனை பேர் நடக்கும் தூசி, தொடும் கை, உப்புக் காற்று, தோட்டத்தில் பறவை எச்சம். வெளியில் நிற்கும் வெண்கலத்தைக் கழுவி மெழுகு பூச வேண்டும். செலவைக் குறைக்க உள்ளே சாதா இரும்புச் சட்டம் வைத்திருந்தால் துரு ஊதித் தையலைத் திறக்கும், பழுப்புக் கறை வழியும். கடற்கரைக்கு 316 ரகத் துருவேறா எஃகுதான் வைக்க வேண்டும், அதுவும் வெண்கலத்தை நேராகத் தொடாமல் நடுவில் தடுப்பு வைத்து. மோட்டார் ஓடும் சிற்பம் ஜூலையில் நின்றால் யாரைக் கூப்பிடுவது? இலையுதிர் காலத்தில் நீர் ஏறும் ஊர் அது. 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் ஏறியது. கடல் தடுப்பு 2020 முதல் இயங்குகிறது என்றாலும் தரைமட்டத்தில் வைக்கும் மின்பெட்டியை உயர்த்தி வைப்பது யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

முடிந்த பிறகு? கழற்ற, பெட்டியில் போட, திரும்ப அனுப்பப் பணம் தீர்ந்துவிட்டது என்ற பதிலைத்தான் சிற்பிகள் கேட்கிறார்கள். கிடங்கு வாடகை மாதாமாதம் ஏறும். நாட்டின் பெயரால் போன சிற்பம் சிற்பியின் கடனாகத் திரும்பி வருகிறது. தேசிய அரங்குகளின் செலவைப் பியென்னாலே ஏற்பதில்லை, அந்தந்த நாடுதான் ஏற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதி. நாடு விட்ட இடத்தைச் சிற்பியின் கலைக்கூடமோ சேகரிப்பாளரோ நிரப்புகிறார். பெரிய கலைக்கூடம் பின்னால் இல்லாத சிற்பி அழைப்பு வந்தாலும் ஏற்க முடியாது, ஏற்றால் வீட்டை அடகு வைக்க வேண்டும். இப்படித் தேர்வு உங்கள் குழுவின் கையைவிட்டுப் பணம் உள்ளவர் கைக்குப் போகிறது. கௌரவமே ஊதியம் என்று சொல்லி ஊதியம் தராமலிருப்பதை நாங்கள் அவமதிப்பாகவே பார்க்கிறோம். ஆணையருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் விமானச் சீட்டும் விடுதியும் உண்டு, அச்சு நூலுக்குத் தொகை உண்டு, திறப்பு விருந்துக்குத் தொகை உண்டு. இரண்டாண்டு உழைத்தவருக்கு ஒரு வரி இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. இந்தியா 2011-இல் ஆர்செனாலேயில் அரங்கு வைத்தது, அடுத்தது 2019. 2022, 2024 இரண்டிலும் இல்லை. இப்படி விட்டு விட்டு வரும் நாடுகளில் எந்தப் படகுக்காரர், எந்தப் பொறியாளர், எந்தச் சான்றுக்கு எத்தனை நாள் என்ற அறிவு அந்தந்தக் குழுவோடு கலைந்துவிடுகிறது. அடுத்த சிற்பி அதே தவறுக்கு மறுபடி பணம் கட்டுகிறார்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சிற்பியின் பெயரைத் திறப்பு நாளுக்குப் பதினெட்டு மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். அறிவித்த அறுபது நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முதல் தவணையைக் கொடுங்கள். மீதியைக் களிமண் உரு, வார்ப்பு, ஏற்றுமதி, நிறுவல் என்ற கட்டங்களில் கொடுங்கள்; திறப்பு விழாவுக்குப் பிறகு என்று எதையும் தள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தோடு அரங்கின் வரைபடமும் சேர்ந்து வரட்டும்: கதவின் அகல உயரம், தரையின் தாங்குதிறன், எங்கே துளையிடலாம், எங்கே கூடாது, மின் இணைப்பு எங்கே, படகு அணையும் இடத்திலிருந்து வாசல் வரை தரை எப்படி. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை முதல் மாதத்திலிருந்தே உங்கள் செலவில் அமர்த்துங்கள்.

வரவு செலவுத் திட்டத்தில் சிற்பியின் ஊதியம் தனி வரியாக, பொருள் செலவோடு கலக்காமல் இருக்க வேண்டும். ஆறரை மாதப் பராமரிப்பு, கழற்றல், திரும்பும் பயணம், திரும்பும் வரை கிடங்கு, பட்டறையில் எடுத்தது முதல் பட்டறையில் திரும்ப வைப்பது வரையிலான காப்பீடு ஆகியவற்றுக்குரிய தொகையை முதலிலேயே ஒதுக்கிப் பூட்டி வையுங்கள். மொத்தத்தில் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு விடுங்கள்.

தேர்ந்தெடுத்தவரை விலக்கும் நிலை வந்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அன்றுவரை வாங்கிய பொருள், செய்த வேலை, பட்டறைக்குக் கொடுத்த வாக்கு எல்லாவற்றுக்கும் முப்பது நாளுக்குள் ஈடு கொடுங்கள். இது விலக்கிய பிறகு பேச வேண்டிய விஷயம் அல்ல, முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டிய விதி.

தேர்வுக் குழுவில் வார்ப்போ நிறுவலோ கைப்படத் தெரிந்த ஒருவரையாவது சேருங்கள்.

ஒவ்வொரு பியென்னாலே முடிந்ததும் முழு வேலைக் கோப்பை, கணக்குகளோடும் தவறிய இடங்களோடும், அடுத்த குழுவுக்கும் அடுத்த சிற்பிக்கும் ஒப்படையுங்கள். 2028-க்கான தேர்வைத் தொடங்கும் முன் இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்பதைப் பொதுவில் எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சிற்பம் செய்வோர், வார்ப்போர், பெட்டி கட்டுவோர், நிறுவுவோர் சார்பில்